யவனத்திக்குப் பின்பாட்டு

கூனிமுனைக் கரையில் நாங்கள் வலை இழுத்தபோது சாளை மீனோடு சேர்ந்து ஒரு யவனத்தியும் வந்து விழுந்தாள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள், ஆனால் எங்களுக்கு அது அப்படி வாயைப் பிளக்கிற சங்கதியாகப் படவில்லை, ஏனென்றால் முந்தின வாரம்தான் அதே வலையில் ஒரு ஃபிரிட்ஜின் கதவு, முட்டை வைக்கிற குழிகளெல்லாம் ஒழுங்காக இருக்க, வந்து சேர்ந்திருந்தது. கடல் கொடுக்கும், எதைக் கொடுக்கட்டும் என்று நம்மிடம் கேட்டுக்கொண்டா கொடுக்கிறது?

வெளியூர்க்காரர்களுக்காகக் கரைவலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தோணியில் போய்க் கடலை வளைத்து வலையை விட்டுவிட்டு வந்து, அதன் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்க வேண்டும். ஒருவர் தலைப்பாட்டுப் பாடுவார், மற்றவர்கள் 'ஏலேலோ' என்று பின்பாட்டுக் கொடுத்து ஒரே மூச்சாய் இழுப்பார்கள், பாட்டு நின்றால் ஆளுக்கொரு பக்கம் இழுபட்டு வலை தாறுமாறாகி, மீனெல்லாம் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போய்விடும். அன்று காலை எங்கள் தலைப்பாட்டுக்காரன் தஸ்நேவிசுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவன் குனிந்து இருமிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் கடலுக்குள்ளிருந்து ஒரு குரல் எழும்பியது, எழும்பி அலைமேல் நடந்து வந்து எங்கள் ஒவ்வொருவர் காதுக்குள்ளும் புகுந்து வயிற்றில் இறங்கி அங்கே எதையோ இளக்கியது, அதை நான் மறுக்கவில்லை, கேட்டவர்களில் பாதிப் பேர் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் கையில் கயிறு இருக்கிறது, கயிற்றின் அந்த முனையில் வலை இருக்கிறது, தலைப்பாட்டு வந்தால் பின்பாட்டுக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பால்குடி மறக்கும் முன்னே படிந்த பழக்கம். தோணிக்காரன் எவனோ தஸ்நேவிசுக்குப் பதிலாகப் பாடுகிறான் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் 'ஏலேலோ' என்று சொல்லி இழுத்தோம். பாட்டு என்ன பாஷையோ, ஒரு சொல் விளங்கவில்லை. அதனாலென்ன, எங்கள் முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாக லத்தீன் பூசைக்கு முழங்கால் போட்டவர்கள், விளங்காத பாட்டுக்குப் பதில் சொல்வது எங்களுக்குப் புதிதில்லை.

மடி, அதாவது மீன் வந்து சேர்கிற வலைப்பை, கரையேறியதும் பிரித்துப் பார்த்தோம். சாளைக் குவியலின் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். இடுப்புவரை பெண், தோளிலிருந்து இரண்டு ஈரச் சிறகுகள், கீழே செதில் படிந்த இரண்டு பெரிய பறவைக் கால்கள். எல்லோரும் சற்றே தள்ளி நிற்க, கருவாட்டு வியாபாரி கொரற்றி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். கொரற்றிக்கு ஐம்பது வயது, குரல் எடுத்தால் அடுத்த ஊர் நாய் எழுந்து உட்காரும், புருஷன் சவேரியான் ஒரு புயலில் கடலுக்குப் போனவன் போனவன்தான்.

"என்ன வேடிக்க பாக்கிய? பொம்பளப்பிள்ள நனஞ்சு போய் இருக்கா, ஒரு துணி குடுக்க நாதியில்ல," என்று எங்களைப் பொதுவில் திட்டிவிட்டு, தன் முந்தானையால் அவள் சிறகைத் துடைத்தாள். "எந்திரிட்டி. எறக்கையில ஈரம் நின்னா சளி பிடிச்சிரும்."

வலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி சந்தியாகு அப்போதுதான் குடையோடு வந்து சேர்ந்தார். வலையில் என்ன விழுந்தாலும் பாதி சம்மாட்டிக்கு என்பது ஊர் வழக்கம், அதை அவர் மெல்ல ஞாபகப்படுத்தினார்.

"எந்தப் பாதி வேணும் சம்மாட்டியாரே?" என்று கேட்டாள் கொரற்றி. "மேப் பாதியா, கீழ்ப் பாதியா?"

சம்மாட்டி குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கொரற்றி வீட்டு நைட்டியில் சிறகுக்கு இரண்டு ஓட்டை போட்டுத் தைத்து அவளுக்கு உடுத்திவிட்டார்கள். பாஷையை அவள் மீன் ஏலத்தில் நின்று கற்றுக்கொண்டாள், அதனால் முதலில் எண்களும் பிறகு வசவுகளும் கடைசியில்தான் மற்ற சொற்களும் வந்தன, வந்த பிறகு எங்களைப் போலவே பேசினாள். தான் கிரேக்க நாட்டுக்காரி என்றாள். அந்தக் காலத்தில் முத்து வாங்க இந்தக் கரைக்கு வந்தவர்களை யவனர் என்றுதானே சொன்னோம், ஆகவே யவனத்தி என்றே கூப்பிட்டோம். அவளுடைய இனத்துக்கு அவர்கள் நாட்டில் சைரன் என்று பெயராம். அது நாள்கணக்கில் நீளும் கதை, கொரற்றி வீட்டு வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருக்க, அவள் கதை சொல்லச் சொல்லக் காக்கை ஓட்டவும் மறந்து நாங்கள் கேட்டோம்.

ஆதியில் அவள் பறவையாகத்தான் இருந்தாள். பெண் முகம், பறவை உடம்பு, தீவில் ஒரு பாறைமேல் இருப்பு. ஆசைப்பாட்டெல்லாம் அப்போது கிடையாது. உலகத்தில் நடந்தது அத்தனையும் எனக்குத் தெரியும், வா, சொல்லுகிறேன் என்பதுதான் பாட்டு. கப்பல்காரர்கள் தெரிந்துகொள்ளும் பேராசையில் வந்து உட்கார்ந்து, சோறு தண்ணீர் மறந்து செத்தார்கள். பானையில் படம் எழுதுகிறவர்கள் அவளை விதவிதமாக எழுதினார்கள், ஒருவன் தாடிகூட வைத்து எழுதிவிட, மறுநாள் காலையில் எழுந்து முகம் கழுவப் போனால் கையில் தாடி தட்டுப்பட்டதாம். ஏனென்றால் அவள் உடம்பு அவளுடையது இல்லை, சொல்கிறவர்களுடையது. ஊர் எப்படிச் சொல்கிறதோ அப்படி விடிந்ததும் மாறியிருக்கும். பிறகு ஒரு காலத்தில் செத்தவர்களுக்காக அழுகிறவள் என்று சொல்லிக் கல்லறைமேல் செதுக்கினார்கள், அந்தக் காலம் முழுக்க அவளுக்கு ஓயாத அழுகை. பிறகு ஆண்களை மயக்குகிறவள் என்றார்கள், அறிவெல்லாம் மறந்துபோய் இடுப்பு மெலிந்தது. அதற்கும் வெகுகாலம் கழித்து, வடக்கே ஏதோ ஒரு மழை தேசத்து மடத்தில் இருந்து புத்தகம் எழுதிய ஒரு சாமியார், பறவையை ஒருநாளும் பார்த்திராதவரோ என்னவோ, கீழ்ப் பாதியில் மீன்வால் என்று எழுதிவிட்டார், அன்று காலையில் அவள் பாறையிலிருந்து பறக்க எழுந்து தொபுக்கென்று கடலில் விழுந்தாள். இன்னொருத்தன் வாலை இரண்டாகப் பிளந்து கோயில் தூணில் செதுக்கினான். அப்புறம் உடம்பே வேண்டாம் என்று முடிவு செய்து, ஆலையில் ஊதுகிற ஊதலுக்கு அவள் பெயரை வைத்தார்கள், கொஞ்ச காலம் அவள் வெறும் சத்தமாக மட்டும் இருந்து ஷிப்டு முடிந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பினாள்.

"அதுதான் இருந்ததுலயே நல்ல வேல," என்றாள் யவனத்தி. "என் சத்தம் கேட்டு சந்தோசமா வீட்டுக்குப் போனது அவங்க மட்டுந்தான்."

ஆலை மூடிய பிறகு யாரோ பழைய பானைப் படத்தைப் பார்த்து மறுபடி பறவை என்று சொல்ல, உடம்பு திரும்பி, அலைந்து திரிந்து எங்கள் கடலுக்கு வந்தாளாம். நாங்களும் சும்மா இருக்கிற ஊரா? அவள் பறவையா மீனா என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. பறவைக் கட்சியில் பேச்சு ஓங்கிய நாளில் அவளுக்குச் சிறகு அடர்ந்தது, கொரற்றி வீட்டுக் கூரைமேல் போய் உட்கார்ந்து கருவாட்டுக்குக் காவல் இருந்தாள். மீன் கட்சியின் கை ஓங்கிய நாளில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வால் முளைத்து, குழம்புச் சட்டியைத் தட்டிவிட்டது. அது தவக்காலமாக இருந்ததால், இந்த விவகாரத்தில் பங்குச் சாமியார் இருதயராஜும் தலையிட வேண்டியதாயிற்று, ஏனென்றால் தவக்காலத்தில் இறைச்சி ஆகாது, மீன் ஆகும், இவள் எதில் சேர்த்தி என்று ஒருத்தி போய்க் கேட்டுவிட்டாள். "அவள யாரும் சாப்பிடப் போறதில்லல்ல? அப்ப போய் வேலயப் பாருங்க," என்றார் சாமியார். அவளுக்குப் பழைய அறிவு மிச்சமிருக்கிறது என்று தெரிந்ததும் காணாமல் போன நங்கூரத்தை யார் எடுத்தது, கல்யாணத்தில் யார் யாரைப் பற்றி என்ன பேசினார்கள் என்று போய்க் கேட்க ஆரம்பித்தோம், அவளும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள், ஒரு வாரத்துக்குள் ஊரில் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் ஆகி, பிறகு ஊரே கூடி வந்து தயவுசெய்து எதையும் சொல்லாதே தாயி என்று கேட்டுக்கொண்டோம். எதுவும் கேட்காதவள் கொரற்றி ஒருத்திதான்.

"ஒம் மாப்பிள்ள சவேரியானுக்கு என்னாச்சுன்னு கேக்க மாட்டியா?" என்று யவனத்தியே ஒருநாள் கேட்டாள்.

"கேட்டா வந்துருவானா? நீ சாப்புடு, ஆறுது," என்றாள் கொரற்றி. அன்று குழம்பில் உப்பு அதிகம்.

அந்தக் கொரற்றிதான் ஒரு மத்தியானம் யவனத்தியின் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவ உட்கார்ந்தவள், எண்ணெய் உள்ளே போகாததைப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். விரல்கள் டொக்டொக்கென்றன. கல்.

"என்னட்டி இது?"

யவனத்தி காலை இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். அவளுடைய உருவத்தை ஆளாளுக்கு மாற்றினார்கள், பாட்டை மாற்றினார்கள், ஆனால் ஒன்றை மட்டும் ஒருத்தனும் மாற்றவில்லை. அவள் பாட்டைக் கேட்டுவிட்டு ஒருவன் மயங்காமல் கடந்து போனால், பாடினவள் சாக வேண்டும். ஒருத்தன் தன்னைப் பாய்மரத்தோடு கட்டச் சொல்லி, அப்படியே கேட்டுக்கொண்டே கடந்து போனான். அன்று அவளுடைய அக்காமார் இரண்டு பேரும் கடலில் விழுந்து பாறையானார்கள். இவள் பிழைத்தது அன்று தொண்டை கட்டிப் பாடாமல் இருந்ததால். இந்தக் கரையில்தான், எத்தனையோ காலம் கழித்து, முழுத் தொண்டையில் பாடினாள். யாரும் மயங்கவில்லை. காற்று அடியோடு நின்று கடல் அசையாமல் கிடக்கும் ஒரு நாள் வரும், அதற்குள் கல் ஏறிவிடும், அன்று பாறையில் நின்று கடைசியாகப் பாடிவிட்டு விழ வேண்டியதுதான்.

"இது எவன்ட்டி போட்ட சட்டம்?"

"தெரியாது. சொல்லிச் சொல்லி அப்படி ஆயிட்டு."

கொரற்றி எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்த வேகத்தில் பாதி எண்ணெய் கொட்டியது. "இந்தக் கடலுக்கு நான் ஒரு ஆளக் குடுத்தாச்சு," என்றாள். "ரெண்டாவது ஆளெல்லாம் கிடையாது."

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. எங்களுக்குக் குற்ற உணர்ச்சி வேறு, நல்ல பாட்டைக் கேட்டு மயங்கத் தெரியாத ஜென்மங்களாகப் போய்விட்டோமே என்று. இப்போது மயங்கினால் ஆகாதா என்று தஸ்நேவிஸ் யோசனை சொல்ல, மறுநாள் காலை அவளைப் பாடச் சொல்லிவிட்டு ஆண்கள் எல்லோரும் மணலில் சரிந்து விழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டோம். இதில் ஒருத்தன் உண்மையாகவே தூங்கிப்போய்க் குறட்டை விட, இன்னொருத்தன் நண்டு கடித்து எழுந்து ஓட, தஸ்நேவிஸ் மயங்கின மயக்கம் கொஞ்சம் அசலாக இருக்கிறது என்று அவன் பெண்டாட்டி துடைப்பத்தோடு வந்துவிட்டாள். யவனத்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்து முடித்துப் பார்த்தால் கல் கணுக்காலைத் தாண்டியிருந்தது.

கதையை மாற்றிச் சொல்லிப் பார்ப்போம் என்றார் இருதயராஜ் சாமி. ஆளுக்கொன்றாகச் சொன்னோம். அவள் வானதூதரின் தூரத்துச் சொந்தம் என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்ல, சிறகு வெள்ளையாகியது. அவள் கடல்ராசாவின் ஒரே மகள் என்று ஒருத்தி சொல்ல, காதில் முத்துக் கம்மல் முளைத்தது. தாடிக் கதையைக் கேட்டிருந்த எவனோ விளையாட்டாக அதைப் பேச்சில் இழுக்க, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் தாடியோடு வந்தாள். என்னென்னவோ மாறியது. கல் மட்டும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி முழங்காலுக்கு வந்தது. கொரற்றி அந்தக் கல்லுக்கும் விடாமல் எண்ணெய் தடவினாள்.

அந்த நாளும் வந்தது. விடிந்தபோது காற்று இல்லை. கொடி அசையவில்லை, தென்னை ஓலை அசையவில்லை, கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. அப்படிப்பட்ட நாள் கரைவலைக்கு நல்ல நாள், அதை நாங்கள் சொல்லவும் கூசிக்கொண்டு, ஆனாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே, வலையைக் கடலில் விட்டுவிட்டு வந்து கயிற்றைப் பிடித்து நின்றோம். யவனத்தி நைட்டியும் சிறகுமாக, உரலை நகர்த்துவதுபோல ஒவ்வொரு காலாக நகர்த்தி வந்தாள். கொரற்றி அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, வழி நெடுக அவளையும் கிரேக்க நாட்டையும் அங்கே கதை சொன்ன அத்தனை பேரையும் பெயர் தெரியாமலே திட்டிக்கொண்டு வந்தாள். தண்ணீரை ஒட்டிய பாறைமேல் யவனத்தி ஏறி நின்றாள். எங்களுக்கு ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது, ஆனால் இழுக்கத் தொடங்கிய வலையைப் பாதியில் விட்ட மனிதன் கூனிமுனையில் இன்னும் பிறக்கவில்லை, அழுதுகொண்டே இழுத்தோம்.

தஸ்நேவிசுக்கு அன்று தொண்டை சரியாகியிருந்தது. அவன்தான் தலைப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். யவனத்தி குரல் எடுத்ததும் அவன் நிறுத்திக்கொண்டான், ஒருத்தர் தலைப்பாட்டை எடுத்தால் இன்னொருத்தர் மேலே விழுந்து பாடுவது மரியாதை இல்லை. அவள் ஒரு அடி பாடினாள். கல் தொடைக்கு ஏறுவது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. அடி முடிந்தது. நாங்கள் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் வாயே திறந்திருக்காது. 'ஏலேலோ' என்றோம், இழுத்தோம்.

யவனத்தி திரும்பிப் பார்த்தாள். பாட்டு நின்றுவிட்டது. கயிறு தளர்ந்தது, இடது பக்கத்து ஆட்கள் வலது பக்கத்து ஆட்கள்மேல் சாய்ந்தார்கள்.

"ஏ, பாட்ட நிறுத்தாதட்டி!" என்று கத்தினான் தஸ்நேவிஸ். "வல போயிரும்!"

"நீங்க சொன்னது," என்றாள் அவள், "அந்த ஏலேலோ. அது எனக்கா?"

"பின்ன யாருக்கு?"

"அன்னைக்கும் சொன்னீங்களே, வலைக்குள்ள இருந்து கேட்டேன். நீங்க உங்களுக்குள்ள ஏதோ பேசிக்கிறீங்கன்னு நெனச்சேன். அது எனக்கா?"

அவள் பாடிய இத்தனை காலத்தில் கேட்டவர்கள் செத்திருக்கிறார்கள், காதில் மெழுகு அடைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாய்மரத்தில் கட்டிக்கொண்டு துடித்திருக்கிறார்கள், ஒருவர்கூடப் பதில் பாடவில்லை. எங்களுக்கு இது தெரியாது. பதில் சொல்லாமல் ஒரு பாட்டைக் கேட்க முடியும் என்பதே எங்களுக்குத் தெரியாது.

கொரற்றிதான் முதலில் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி மடச்சி," என்று அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "பாட்டக் கேட்டுட்டுக் கடந்து போனாத்தான சாவணும்? இவனுவ எங்க கடந்து போனானுவ? நின்ன எடத்துல நின்னு, ஒனக்குப் பின்பாட்டுப் பாடி, ஒன்னயல்லவா கரைக்கு இழுத்தானுவ! எவன்ட்டி போனான்? ஒருத்தனக் காட்டு!"

யவனத்தி எங்களைப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எண்ணிப் பார்த்தாளோ என்னவோ. பிறகு கடலைப் பார்த்தாள்.

"பேச்செல்லாம் பெறகு!" என்று தஸ்நேவிஸ் அலறினான். "பாடு தாயி, கை நழுவுது!"

அவள் பாடினாள். ஏலேலோ என்றோம். அடுத்த அடி பாடினாள், குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும் என்று ஏலேலோ சொன்னோம். அதற்கடுத்த அடியில் கல் காய்ந்த சுண்ணாம்புபோலப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது, விழுந்த இடத்தில் மீன் துள்ளியது, நாங்கள் அழுதோம், சிரித்தோம், இழுத்தோம், மடி கரையேறியபோது அதில் சாளை அவ்வளவு இருந்தது, சம்மாட்டி குடையைக் கீழே போட்டுவிட்டு வந்து அள்ளினார்.

கல் உதிர்ந்து உள்ளே என்ன கால் இருந்தது என்று எங்களைக் கேட்காதீர்கள், ஆளுக்கொன்று சொல்வோம். பறவைக் கட்சி பறவைக் கால் என்கிறது, மீன் கட்சி வால் என்கிறது. கொரற்றி, தன் காலைப்போலவே பித்தவெடிப்பு வந்த சாதாரணக் கால் என்கிறாள், எண்ணெய் தடவுகிறவள் அவள்தான், அவள் சொல்வதை நாங்கள் வெளிப்படையாக மறுப்பதில்லை. எங்கள் கதையும் இதற்குள் மாற ஆரம்பித்துவிட்டது. பக்கத்து ஊரில் இது அவர்கள் கரையில் நடந்தது என்கிறார்கள். அதற்கடுத்த ஊரில் தஸ்நேவிஸ் ஒரு ராஜகுமாரன், சம்மாட்டியின் குடை வெள்ளிக்குடை, ஃபிரிட்ஜ் கதவு தங்கக் கதவாகி, முட்டைக்குழி ஒவ்வொன்றிலும் ஒரு முத்து இருந்ததாம். இன்னும் கொஞ்ச காலத்தில் எங்களுக்கே சிறகோ வாலோ வைத்துவிடுவார்கள். வைக்கட்டும்.

இப்போது தலைப்பாட்டு அவளுடையது. போன வாரம் நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தபோது தூரத்தில் ஒரு பெரிய வெள்ளைக்கப்பல் போயிற்று. மேல்தளத்தில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள், பாட்டு அவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும், சிலர் கையைக் காதுக்குக் குவித்து நிற்பது எங்களுக்கே தெரிந்தது. கப்பல் நிற்கவில்லை. கேட்டுவிட்டுக் கடந்து போயிற்று. எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. கயிற்றைப் பிடித்தபடி அத்தனை பேரும் அவள் காலையே பார்த்தோம். கருவாட்டுக் கூடையோடு வந்துகொண்டிருந்த கொரற்றி கூடையை அப்படியே மணலில் போட்டுவிட்டாள்.

யவனத்தியும் குனிந்து தன் காலைப் பார்த்தாள். விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு கப்பலை ஏறிட்டுப் பார்த்து, ஏலக் கரையில் கற்றுக்கொண்ட ஒரு நல்ல வசவை மெல்லச் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"போறவன் போறான். நீங்க என்ன என் காலப் பாத்துக்கிட்டு? கயித்தப் பிடிங்கய்யா."

அடுத்த அடியை எடுத்தாள். ஏலேலோ என்றோம்.